கொள்ளிவாய்ப் பிசாசுக்குப் பேச்சுக் கொடுத்தவர்

போன திங்கட்கிழமை காலை, கோடம்பாக்கம் ஒலிக்கூடத்தில் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. சரளாவின் தம்பி பேசினார். அக்கா தூக்கத்திலேயே போய்விட்டதாகச் சொன்னார். அன்றைய பதிவே சரளாவுடையதுதான்.

சரளாவைத் திரையில் யாரும் பார்த்ததில்லை. வேற்றுமொழிப் படங்களின் நாயகிகளுக்குத் தமிழ்க் குரல் அவர். அதைப் பதிவு செய்பவன் நான். ஆனால் இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரை என் மயிலாப்பூர் வீட்டு மாடியில், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில்தான் அறிவீர்கள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடமாடி, ஆபத்து வந்தால் பகடை உருட்டுவோம். வெளிநாடு போய்வந்த நண்பர் கொண்டுவந்த ஆட்டம். கதை சொல்பவர் எப்போதும் சரளாதான்.

முதலில் அதன் புத்தகத்திலிருந்த டிராகன்களோடு மோதினோம். சரளாவுக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது. ஒருநாள் டீ குடிக்கும்போது, ஒளியமைப்புப் பிரிவு மாணிக்கம், பள்ளிக்கரணைச் சதுப்பில் தன் அப்பா கண்ட கொள்ளிவாய்ப் பிசாசைப் பற்றிச் சொன்னார். “வாயத் தொறந்தா நெருப்புதான். அதான் பேசாம சுத்திக்கினு கீது.” நாங்கள் சிரித்தோம். சரளா மட்டும், “அது என்ன சொல்ல நெனைக்குதாம்?” என்று கேட்டார்.

அந்த வாரமே எங்கள் ஆட்டத்தில் கொள்ளிவாய் வந்துவிட்டது. வாளால் வெட்டினால் அதன் நெருப்பு கூடும். ஓடினால் அடுத்த ஊருக்கும் பின்தொடரும். அருகில் நின்று கேட்டால், அது பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் நம் உயிர் கொஞ்சம் கருகும். வாக்கியம் முடியும்வரை நிற்பவரிடம் மட்டும் அது அணைந்துபோகும். அது சொல்ல வந்தது என்ன என்பதை, எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துச் சரளா அப்போதைக்கப்போது முடிவு செய்வார். “பயமுறுத்துறது சுலபம் ரகு, நின்னு கேக்க வெக்கிறதுதான் வேலை” என்பார் என்னிடம்.

இந்த ஆட்டத்தைத் தமிழில் அச்சடித்துப் பெட்டியாக விற்க, தெற்கே தன் ஊரை விட்டு வந்து ரங்கநாதன் தெருவில் பொம்மைக் கடை வைத்திருந்த அண்ணாச்சி முன்வந்தார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வைத்தது ஒரே நிபந்தனை: பிசாசை வெட்டிக் கொல்ல வழி வேண்டும்; இல்லையென்றால் பிள்ளைகள் வாங்க மாட்டார்கள். நான் உட்பட எல்லாரும் மாற்றிவிடலாம் என்றோம். சரளா குரலை உயர்த்தவே இல்லை. “ஒரு ஆட்டம் உக்காருங்க அண்ணாச்சி. அப்புறமும் வெட்டணும்னா வெட்டிக்கலாம்” என்றார்.

கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். அண்ணாச்சி துணி வியாபாரியாக ஆடினார். கொள்ளிவாய் வந்ததும் வாளை உருவினார், நெருப்பு கூடியது. ஓடினார், அடுத்த ஊரின் வாசலில் அது நின்றது. கடைசியில் வாளைக் கீழே போட்டுவிட்டு, “சரி, என்னதான் சொல்லுத, சொல்லு” என்றார்.

சரளா அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, ஒலிக்கூடத்தில் நான் ஒருநாளும் கேட்டிராத குரலில் பேசினார்.

“ஊர்ல... வீட்டுக் கதவ... சாத்தாம வந்துட்டேன். யாராச்சும் போய்ச் சாத்துங்க.”

ஆட்டத்தில் அண்ணாச்சிக்கு இருந்த உயிர்க் கணக்கு ஏறக்குறைய தீர்ந்திருந்தது. பகடையைத் தொடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. “நான் போய்ச் சாத்துதேன். நீ போ” என்றார். பிறகு எழுந்து, வெளியே கூட்டம் முண்டியடிக்கும் தெருவைப் பார்த்தபடி நின்றார். திரும்பி வந்தவர், “ஒரு எழுத்தையும் மாத்த வேண்டாம்” என்றார்.

முதல் தீபாவளிக்குப் பெட்டிகள் தேங்கின. அண்ணாச்சி முகம் கோணவில்லை. அடுத்த வருடம் கல்லூரி விடுதிகளில் அது பரவியது. அடையாற்றில் ஒரு விடுதிப் பெண்கள், தாங்களே உருவாக்கிய கொள்ளிவாய் வாக்கியங்களைச் சொல்லிக்காட்டச் சரளாவைத் தேடி வந்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, “என்னுதவிட நல்லாருக்கு” என்றார். உபசாரத்துக்குச் சொல்லவில்லை, அதில் இரண்டை மறுவாரமே எங்கள் மேல் ஏவினார்.

அவருடைய குரல் எத்தனையோ படச்சுருள்களில் இருக்கிறது. அது எல்லாருக்கும் பொது. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவருடைய காத்திருப்பை. ஆட்டத்தில் யார் ஓடினாலும் அவர் தடுத்ததில்லை, கேலி செய்ததில்லை. யாராவது ஒருவர் நிற்பார் என்று அவருக்கு உறுதியாகத் தெரியும். எப்போதும் ஒருவர் நின்றார்.

இந்த ஞாயிறும் மாடியில் ஆட்டம் உண்டு. கதை சொல்லப்போவது நான். வாருங்கள்.