மறுபடி கூப்பிடலாம் என்ற கட்டம்

வெண்டல் ஓக்கர்லண்டுக்கு நாற்பத்து மூன்று வயது. அதில் பதினோரு கோடைகளை மொன்டானா மலைப் பூங்காவுக்குக் கொடுத்தவன். மே மாதம் ரேஞ்சராக வேலையில் சேர்வான். செப்டம்பர் முப்பதோடு வேலை முடிந்ததும் சீருடையையும் அறைச் சாவியையும் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புவான். குளிர்காலம் முழுக்கப் பனிச்சறுக்கு ஊர்களில் எடுபிடி வேலை, வண்டிக்குள்ளேயே படுக்கை. பதினோரு வருஷமாக இவன் தற்காலிகமாம். நல்ல தற்காலிகம் போங்கள்!

இந்த ஆகஸ்டில் ஓர் இளம்பெண் பாறையிலிருந்து விழுந்துவிட்டாள். முதலில் போய்ச் சேர்ந்தவன் வெண்டல். மேகம் மூடிக்கொண்டதால் ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. கழுத்து அசையக் கூடாதென்று நான்கு மணி நேரம் அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் தன் நாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். பேச்சும் மூச்சும் நின்ற பிறகும் கையை எடுக்க இவனுக்கு மனம் வரவில்லை. மறுநாள் மீட்புக்குப் போன எல்லோரையும் கூப்பிட்டு, காபியும் டோனட்டும் வைத்து, மனம் விட்டுப் பேசச் சொன்னார்கள். வெண்டல் அதற்குப் போகவில்லை. சாலையோரம் கரடி வந்து கார்கள் தேங்கி நின்றன; ஒழுங்குபடுத்த இவனைத்தான் அனுப்பியிருந்தார்கள்.

அன்றோடு தூக்கம் போயிற்று. சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. பள்ளத்தின் விளிம்பில் நிற்கும்போதெல்லாம் கால் தானாக முன்னே நகரப் பார்த்தது.

குடியிருப்பின் ஃபிரிட்ஜில் மனநல உதவி எண் ஒட்டியிருந்தது. இலவசம், ரகசியம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ரகசியமாவது மண்ணாவது! கடைசி நாளில் மேலாளர் நிரப்பும் தாளில் 'மறுபடி கூப்பிடலாம்' என்று ஒரு கட்டம் உண்டு; டிக் இருந்தால்தான் அடுத்த கோடையில் வேலை. அதில் டிக் விழும்வரை, எலும்பே முறிந்தாலும் சிரித்துக்கொண்டே நடப்பதுதான் தற்காலிக ஆட்களின் வழக்கம்.

"யோவ் கிழவா, கண்ணாடில மூஞ்சியப் பாத்தியா? செத்த மீனு தேவல," என்றாள் பக்கத்து அறை நதீன். மலைப்பாதைகளைப் பழுதுபார்க்கும் குழுவில் இருப்பவள்.

"தூக்கம் கொஞ்சம் கம்மி. அவ்ளோதான்."

"அந்த நம்பருக்குத்தான் பேசித் தொலையேன்."

"டிக் விழட்டும். அப்புறம் பேசிக்கிறேன்."

நதீன் தலையாட்டினாள். இந்த மடத்தனம் அவளுக்கும் நியாயமாகவே பட்டது.

செப்டம்பர் முப்பது மாலை மேலாளர் டுவைட் டிக் போட்டார். "உன்ன மாதிரி தெம்பான ஆளு கெடைக்கிறது கஷ்டம்ப்பா. மே மாசம் பாக்கலாம்," என்று முதுகில் தட்டினார்.

மறுநாள் காலை, அறையைக் காலி செய்து வண்டியில் ஏறியதும் முதல் வேலையாக வெண்டல் அந்த எண்ணை அழைத்தான். எடுத்த பெண் அவன் விவரங்களைக் கேட்டுக் கணினியில் தட்டிப் பார்த்தாள்.

"மன்னிச்சிருங்க சார். உங்க வேலை நேத்தோட முடிஞ்சிருச்சுன்னு காட்டுது. இது வேலையில இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். அவசரம்னா வேற நம்பர் தரட்டுமா?"

"வேணாம்மா. பரவால்ல."

வண்டியைக் கிளப்பினான். ஊருக்குப் போகிறவர்கள் வாசலில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். இவன் வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டான். அந்தச் சாலை மேலே, அந்தப் பாறைக்குத்தான் போகிறது. தன் காரில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்த நதீன் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"எங்க போற?"

"சும்மா. ஒரு தடவ பாத்துட்டு..."

"திரும்பி வருவியா வெண்டல்?"

அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து ஓவென்று அழுதான். நதீன் கதவைத் திறந்து சாவியைப் பிடுங்கினாள்.

"நகரு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

இரண்டு மணி நேர வழி. பாதி தூரத்தில் அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"டுவைட்டுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா மே மாசம் கூப்பிட மாட்டாரு."

நதீனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கூப்பிட்டா என்னன்னு கேக்க நீ உசுரோட இருக்கணும்லய்யா!" என்று கத்தினாள். கத்திவிட்டு அவளும் அழுதாள்.

அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் அவன் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாகணும்னு தோணுதா சார்?"

"ஆமா."

"எத்தன நாளா?"

"ஆகஸ்ட்லேர்ந்து."

"அய்யோ, அப்பவே வந்திருக்கலாமே?"

"எப்படிம்மா வர்றது? அப்ப எனக்கு வேலை இருந்துச்சே," என்றான் வெண்டல்.