பத்து மணிக்குள் கரையும் குடை

சாணத்தின் முன் உட்கார்ந்து காத்திருப்பதற்கும் ஒரு தொழில் இருக்கிறது. அதற்கு ஆராய்ச்சி என்று பெயர்.

தொண்ணூறுகளின் கடைசியில் புனேயில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மாடும் குதிரையும் போட்டதில் முளைக்கும் ஒரு காட்டுக் காளான். குடை சுண்டுவிரல் நகம் அளவுதான். விடியும்போது விரியும், பத்து மணிக்குள் கறுப்பு மையாகக் கரைந்துவிடும். முழுதாக விரிந்த ஒன்று மழைக்காலம் முடிவதற்குள் கிடைக்காவிட்டால், என் ஆய்வேடு இன்னொரு வருடம் தள்ளிப்போகும். கண்ணெதிரே கிளம்பும் பஸ்ஸைத் துரத்தி ஓடியவர்களுக்கு என் நிலைமை புரியும்.

லாயத்தில்

வானவடியில் எங்கள் வீட்டுப் பக்கம் ராணுவக் குதிரை லாயம் ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்தவர் வேலூர்க்காரர். புல் மேய்ந்த சாதாரணக் குதிரையின் சாணம் வேண்டும் என்றேன். அவர் உள்ளே போய் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். மருந்தும் சத்துத் தீனியும் தின்று வளர்ந்த குதிரை. அதில் எதுவும் முளைக்காது என்று தெரிந்தும் பையை வாங்கிக்கொண்டேன். அவர் சொன்னார்: "சும்மா குதிரையோடது இல்லம்மா, போன வருஷம் கப் அடிச்ச குதிரையோடது."

வீட்டில்

கண்ணாடி மூடிக்குள் வைத்திருந்த மாட்டுச் சாணத்தில் ஒன்பதாம் நாள் ஒரு மொட்டு தலை தூக்கியது. இரண்டு இரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. மறுநாள் பார்த்து அபூர்வமாக வெயில் அடித்தது. கல்லூரியிலிருந்து ஓடிவந்தால், மொட்டைமாடியில் தலையணை, அப்பளம், மிளகாய், அவற்றோடு வரிசையாக என் சாணமும். மொட்டு சருகாகிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா சொன்னாள்: "எல்லாத்தையும் காய வெச்சேன், உன்னோடதை மட்டும் விட மனசு வரல."

கோந்த்வா மேட்டில்

மிச்சமிருந்தது ஊரோரம் கோந்த்வா தாண்டி மாடுகள் மேயும் மேட்டுக்காடுதான். அங்கே நான் பார்த்துவைக்கும் சாணத்தையெல்லாம், வரட்டி தட்டும் சாந்தாபாய் எனக்கு முன்பே அள்ளிப்போயிருப்பாள். கேட்டதற்கு, குச்சி நட்டுவைத்தால் அது இன்னொருவருடையது, யாரும் தொடமாட்டார்கள் என்றாள். ஐந்து மொட்டு இருந்த ஒன்றில் குச்சி நட்டேன். விடிவதற்குள் வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். குச்சி இருந்தது. அதன் கீழே, ஐந்து விரல் பதிந்த அழகான வரட்டி. மராத்தியில் அவள் சொன்னது இதுதான்: "மழை கரைச்சிடுமேன்னு தட்டி வெச்சேன், உன் பொருளை வேற யாரும் தொடல."

கடைசி மழை

கோபத்தை அடக்கிக்கொண்டு, எனக்கு வேண்டியது சாணம் இல்லை, அதில் முளைக்கும் குடை என்று விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை. நான்கு நாள் கழித்து விடியற்காலையில் நான் போனபோது, தன் கூடையைக் கவிழ்த்து ஒரு சாணத்தின் மேல் பிடித்தபடி மழையில் நனைந்து உட்கார்ந்திருந்தாள். கூடைக்குள் முழுதாக விரிந்த ஒரு குடை, ஒரு மடிப்புக்கூடக் கலையாமல். அலுங்காமல் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். எட்டிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "இவ்வளவுதானா?"

அடுத்த வருடம் என் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்த தேர்வாளரும் அதையேதான் கேட்டார், ஆனால் கேட்கிற உரிமை கூடை பிடித்தவளுக்கு மட்டும்தான் இருந்தது.