டேங்குக்கு ஒரு மூடி

எங்கள் குன்னம் பக்கத்தில் வயலுக்கு அடிக்கிற மருந்துக்கு அளவு மூடிதான். பாட்டிலில் எழுதியிருப்பதை எவரும் படிப்பதில்லை. "டேங்குக்கு ஒரு மூடி" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் அதுதான் வேதவாக்கு. எத்தனை லிட்டர் டேங்கு என்று கேட்டால் கேட்டவள் பைத்தியக்காரி.

நான் அரியலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணக்கை முழுசாகப் படிக்காமல் எண்களை மட்டும் பிடுங்கிப் பெருக்காதே என்று தினமும் தொண்டை வறளக் கத்துகிறவள். வீட்டுக்காரர் மக்காச்சோளம் போடுகிறவர். போன வருடம் களை மண்டிப் பாதி விளைச்சல் போனது. இந்த வருடமும் போனால் தாங்காது.

பழைய கைத்தெளிப்பான் பத்து லிட்டர். இந்த வருடம் வாங்கியது பேட்டரி டேங்கு, பதினாறு லிட்டர். களை மருந்து அடிக்கும் அன்று காலை, நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் கேட்டேன்.

"ஏங்க, எத்தனை மூடி ஊத்துவீங்க?"

"ஒண்ணு."

"பத்து லிட்டருக்கு ஒண்ணுன்னா பதினாறுக்கு ஒன்றரைக்கு மேல வரும்ல?"

"டேங்குக்கு ஒரு மூடின்னுதான் சொன்னாரு."

"எந்த டேங்குக்கு?"

"டேங்குன்னா டேங்குதான். நீ பஸ்ஸப் பாரு."

எனக்கு மண்டை காய்ந்தது. காலண்டர் தாளைக் கிழித்து, எக்ஸ் போட்டு, குறுக்கே பெருக்கிக் காட்டினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். களை மண்டினால் என்னிடம் வந்து நிற்கக் கூடாது என்று கத்தினேன். பஸ்ஸும் போய்விட்டது.

"சரி, உன் கணக்குப்படியே ஊத்துறேன். ஆள வுடு" என்றார்.

ஐந்தாம் நாள் களை செத்திருந்தது. கூடவே சோளத் தோகையும் வெளுத்துக் கருகியிருந்தது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகத்தான் புறப்பட்டேன். அதற்குமுன், அன்று எப்படிக் கலந்தார் என்று காட்டச் சொன்னேன். இவர் டேங்கில் தண்ணீர் ஊற்றி, பத்து லிட்டர் கோட்டிலேயே நிறுத்திவிட்டார்.

"நெரப்புங்க."

"இவ்வளவுதான் ஊத்துவேன்."

"ஏன்?"

"பதினாறையும் முதுகுல தூக்க முடியல. வலது தோள்பட்ட வுட்டுப் போவுது."

அப்படியென்றால் அந்த ஒரு மூடிதான் சரி. கருக்கியது என் கணக்கு. அப்போதும் எனக்கு இவர் மேல்தான் ஆத்திரம் வந்தது.

"இத அன்னைக்கே வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"நீ எங்க கேட்ட? கணக்குல்ல போட்ட."

சித்திரையிலிருந்தே இவர் இடது பக்கம் மட்டும் ஒருக்களித்துப் படுக்கிறார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை.