பிலோமினாவின் வெடிக்காத பேட்டரி

மரக்காணம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே டார்ச் லைட் கடை வைத்திருந்த பிலோமினா, செவ்வாய்க்கிழமை முற்பகலில் காலமானார். முதலில் சொன்னவர் பக்கத்து மளிகைக் கடைக்காரர் சேகர். கடை முக்காலியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார் என்றார். மாரடைப்பு என்று மருத்துவர் கூறியதைத் திண்டிவனத்தில் இருக்கும் பிலோமினாவின் தம்பி மகள் தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். வயது அறுபத்தொன்று. திருமணம் செய்துகொள்ளாதவர். புதன்கிழமை மாலை பங்குக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் கடந்த ஒன்றரை ஆண்டாக அந்தக் கடைக்குப் போகவில்லை. அதற்குக் காரணம் நிருபராக நான் எழுதிய ஒரு செய்தி. அந்தச் செய்தி தவறு.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு வாடிக்கையாளனாக. கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்துகளுக்குப் போகும்போது குறிப்பெடுக்க நல்ல வெளிச்சம் வேண்டியிருந்தது. இருப்பதிலேயே பிரகாசமானதைக் கேட்டேன். விரல் நீளத்தில் ஒரு டார்ச்சை எடுத்து, முழு வெளிச்சத்தில் போட்டு, என் கையில் கொடுத்தார். நல்ல பகல் நேரம்.

“புடிங்க சார். நான் சொல்ற வரைக்கும் கீழ வைக்கக்கூடாது.”

இரண்டாவது நிமிடம் டார்ச்சின் தலைப்பகுதி வெதுவெதுப்பானது. நான்காவது நிமிடம் நான் கை மாற்றிக்கொண்டிருந்தேன். பிறகு வெளிச்சம் தானாகவே குறைந்தது.

“பயந்துக்காதீங்க. சூடு ஏறுனா அதுவே கொறச்சிக்கும். இது கொஞ்சம் அறிவுள்ள லைட்டு. அறிவில்லாததா இருந்தா உங்க தோலத்தான் எடுக்கும்” என்றார். பெட்டியைத் திருப்பிக் காட்டினார். “ஆயிரம் லூமன் வெளிச்சம்னு போட்டிருக்கான். எத்தினி நிமிஷத்துக்குன்னு போட்டிருக்கானா, பாருங்க.”

போடவில்லை. கடைசியில், திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய பென்சில் செல் ஒன்றில் எரியும் சாதாரண டார்ச் ஒன்றைத்தான் எனக்கு விற்றார். “நோட்டுல எழுதறதுக்கு எதுக்கு சார் சர்ச்லைட்டு?”

அன்றிலிருந்து மரக்காணம் பக்கம் போனால் அங்கே எட்டிப் பார்ப்பேன். என் தலை தெரிந்ததும், “என்னா சார், எங்க தீப்புடிச்சிது?” என்பார்.

ஒருநாள் சந்தையில் வாங்கிய லித்தியம் செல் ஒன்றை ஒருவர் கொண்டுவந்தார். டார்ச் பத்து நிமிடம்கூட எரியவில்லை என்பது புகார். பிலோமினா அதைக் கையில் வாங்கியதுமே சிரித்துவிட்டார். “டேய் சேகர், உன் தராச குடு.” மளிகைக் கடையின் மின்தராசில் முதலில் தன்னுடைய செல்லை வைத்தார், பிறகு அவருடையதை. அது பாதி எடைகூட இல்லை.

“உள்ள என்னா இருக்குது, மாவா?”

“அக்கா, ஒம்போதாயிரத்துத் தொள்ளாயிரம்னு மேல போட்டிருக்குதே!”

“நாளைக்கு என் போர்டுல உலகப் புகழ் பெற்றதுன்னு நான் எழுதிக்கிறேன். யாரு வந்து கேக்கப்போறா? இந்த சைசு செல்லுல அவ்ளோ சார்ஜ் புடிக்காதுப்பா.”

அவருடைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் உப்பளத்துக்காரர்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே வேலையை முடிக்க, விடியுமுன் பாத்தியில் இறங்குகிறவர்கள். உப்பு வாரும் பலகைக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் டார்ச்சைத் துண்டில் சுற்றி நெற்றியோரமாகத் தலையில் கட்டிக்கொள்வார்கள். இதைப் பற்றி அவருக்கு எப்போதும் கவலை. “கையில இருந்தா ஒடம்பு அந்த சூட்ட வாங்கிக்கும். காத்துல இருந்தாலும் தேவல. துணியில சுத்துனா அது எங்க சார் போவும்?” என்பார். அவர்களுக்கு விற்கும்போது சின்ன வெளிச்சத்தில் வைத்துக்காட்டி, இதற்கு மேல் போகாதே என்று சொல்லி அனுப்புவார்.

சென்ற ஆண்டு உப்புப் பருவத்தில் அஞ்சலை என்ற தொழிலாளிக்குத் தலையில் காயம் என்று தகவல் வந்தது. காலை எட்டு மணிக்கு உப்பளத்தில் இருந்தேன். அஞ்சலையை அதற்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வரப்பில் நின்றிருந்த நான்கு பேரிடம் கேட்டேன். நால்வரும் “பேட்டரி வெடிச்சிடுச்சு சார்” என்றார்கள். ஒருவர் சத்தத்தையே வாயால் செய்து காட்டினார். நான் டார்ச்சைப் பார்க்கவில்லை. அஞ்சலையைப் பார்க்கவில்லை. நண்பகலுக்குள் செய்தியை அனுப்பிவிட்டேன். பேட்டரி வெடித்து உப்பளத் தொழிலாளி காயம் என்று தலைப்பு வந்தது. அந்த டார்ச் மரக்காணம் பேருந்து நிறுத்தம் அருகே உள்ள கடையில் வாங்கப்பட்டது என்று ஒரு வரியும் இருந்தது. கடையின் பெயரை எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. அங்கே டார்ச் கடை ஒன்றுதான்.

மூன்றாம் நாள் பிலோமினா என்னை அழைத்தார். திட்டவில்லை, வந்துபோகச் சொன்னார். கடையில் அஞ்சலை உட்கார்ந்திருந்தார், நெற்றியோரம் சிறிய பிளாஸ்திரியுடன். பிலோமினா அந்த டார்ச்சின் பின்மூடியைத் திருகிக் கழற்றி, செல்லை என் உள்ளங்கையில் கவிழ்த்தார். மேலுறையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. திரும்பவும் போட்டு எரியவிட்டார். எரிந்தது.

“வெடிச்ச பேட்டரி இதான் சார். நல்லா பாத்துக்கோங்க.”

அஞ்சலை சொன்னார்: “வெடிக்கல்லாம் இல்லிங்க. பெரிய வெளிச்சத்துல வெச்சிக் கட்டிக்கினேன். சுட்டுச்சு. ரெண்டு கையும் சேறு, முடிச்ச அவுக்கறதுக்குள்ள தோலு வந்துடுச்சு. எங்கிட்ட யாருங்க கேட்டா?”

பிலோமினா குறுக்கிட்டார். “தப்பு எம்மேலயும் இருக்குது சார். சின்ன வெளிச்சத்துல வைக்கணும்னு இவ வூட்டுக்காரன்கிட்ட சொல்லி அனுப்புனேன். கட்டறது இவ. இவகிட்ட நான் சொல்லல.” டார்ச்சை அணைத்துவிட்டு, “ஒரே ஒரு வரி போட்டுடுங்க. வெடிக்கலன்னு. அவ்ளோதான்” என்றார்.

அன்று மாலையே திருத்தம் அனுப்பினேன். காயம் உண்மை, டார்ச் உண்மை, மிச்சத்துக்கு எதற்குத் திருத்தம் என்று செய்திப் பிரிவில் கேட்டார்கள். இன்னும் இரண்டு முறை கேட்டேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதற்கு எழுதத்தக்க காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அதற்குப் பிறகு பிலோமினா ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். தலையில் கட்டிக்கொள்கிறவர் நேரில் வந்தால்தான் விற்பார். மனைவிக்கு வாங்க வந்த ஒருவர் கோபித்துக்கொண்டார். “இன்னாக்கா, ஒரு லைட்டு வாங்கக் குடும்பத்தோட வரணுமா? பொண்ணு பாக்கவா வர்றோம்?” “ஆமா, வெத்தல பாக்கும் எடுத்துக்கினு வா” என்று பிலோமினா அனுப்பிவிட்டார். அந்த ஆள் திரும்பி வரவில்லை. ஏற்கெனவே செய்தியைப் படித்து விலகியவர்கள் போக, மிஞ்சியிருந்தவர்களும் வேறெங்கோ மலிவாக வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு நான் போனபோதெல்லாம் அவர் தனியாகத்தான் இருந்தார். உப்புக் காற்றில் பித்தளை பச்சை பூத்துவிடும். விற்காத டார்ச்சுகளைக் கழற்றி ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருப்பார். புதுச்சேரிப் பேருந்தும் சென்னைப் பேருந்தும் வந்து போகும். யாரும் சாலையைக் கடந்து இந்தப் பக்கம் வரமாட்டார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் நாங்கள் பேசுவது குறைவுதான். அலமாரியில் வரிசையாக வைத்திருந்த செல்களைக் காட்டி ஒருமுறை சொன்னார்: “முழுசா ஏத்தி வெச்சா சீக்கிரம் கெட்டுடும் சார். அதனால பாதியில நிறுத்தி வெச்சிருக்கேன். யாராச்சும் கேட்டா, அப்ப முழுசா ஏத்தித் தரலாம்.”

திருத்தத்தைப் பற்றி அவர் இரண்டாவது முறை கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடக்கத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தோம். அஞ்சலை பாத்தியிலிருந்து நேராக வந்திருந்தார். மண் போட்டு முடித்துக் கலையும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

“அந்த ஒரு வரி போட்டீங்களா சார்?”

“இல்லம்மா.”

“அவங்க பேப்பர் வாங்கறத நிறுத்தவே இல்ல, தெரியுமா? டெய்லி பாப்பாங்க” என்றார்.

பிலோமினாவிடமிருந்து நான் கற்றுக்கொண்டது, யாருக்கு நடந்ததோ அவரையே முதலில் கேட்பது. இந்த ஒன்றரை ஆண்டில், சம்பந்தப்பட்டவரைப் பார்க்காமல் எந்தச் செய்தியையும் நான் அனுப்பியதில்லை. சில நாள் செய்தி தாமதமாகிறது, திட்டு விழுகிறது. அப்படியே இருக்கட்டும்.

வியாழக்கிழமை நேரில் அலுவலகம் போனேன். திருத்தம் ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் பக்கத்தில் வரும் என்று செய்தி ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பேட்டரி வெடிக்கவில்லை, துணிக்குள் தங்கிய சூட்டினால் ஏற்பட்ட காயம், டார்ச்சில் குறை இல்லை என்று நான்கு வரிகள். முதல் செய்தியில் கடைக்காரரின் பெயர் இல்லாததால் திருத்தத்திலும் தேவையில்லை என்கிறார்கள். பிலோமினா என்ற பெயர் அதில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. சனிக்கிழமை மாலை அச்சுக்குப் பக்கம் கட்டும்போது தெரியும்.