கோத்தகிரிக்கு ஒரு ஏசி

"மேடம், அட்ரஸ் தப்பா விழுந்திருக்குமுங்களா?"

போன மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு டெம்போ டிரைவர் போனில் கேட்டார்.

"ஏன், என்ன ஆச்சுங்க?"

"இல்லீங்க... பெட்டியில ஏசின்னு போட்டிருக்குது. டெலிவரி கோத்தகிரின்னு போட்டிருக்குது. அதுதான், மலையேறதுக்கு முந்தி ஒருவாட்டி கேட்டுக்கலாம்னு..."

அவரைக் குறை சொல்ல முடியுமா? துவைத்த பனியன் காய்வதற்குள் அடுத்த பனியன் அழுக்காகிவிடுகிற ஊர் இது. குளிக்கப் போகிறவரை வீட்டில் எல்லோரும் பரிதாபமாகப் பார்க்கிற ஊர். இங்கே மார்கழியில் ஏசி வாங்குகிறவர்களைப் பற்றி ஒரு மனிதர் என்னதான் நினைப்பார்?

"அட்ரஸ் சரிதாங்க. ஏத்திட்டு வாங்க" என்றேன்.

 மிகவும் மரியாதையாக, "சரிங்க மேடம்" என்றார். இவர்களிடம் பேசிப் பயனில்லை என்று முடிவு செய்துவிட்டவரின் மரியாதை அது.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு எங்கள் வீட்டைத் தெரியும். காட்டெருமை வந்து காரட் பாத்தியில் படுத்துக்கொண்டது என்று எழுதினேனே, அதே வீடுதான். பஜாரிலிருந்து இறங்கும் சரிவில் ஓட்டுக்கூரை, பலகை சீலிங், காற்று அடித்தால் தாளம் போடும் ஜன்னல்கள். என் மாமனார் இளவயதில் கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வந்து ஹார்டுவேர் கடை போட்டு, கொஞ்சம் தலையெடுத்ததும் வாங்கிய வீடு. இன்றைக்கும் காலையில் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். கடையை என் கணவர் பார்த்துக்கொள்கிறார். கணவரை மாமா பார்த்துக்கொள்கிறார்.

குளிர்காலத்தில் இந்த வீட்டைக் காப்பாற்றி வந்தது முன்னறையில் இருந்த கணப்பு. சாயங்காலமானால் சீகை விறகைப் போட்டு மூட்டிவிடுவோம். எல்லோரும் அதன் முன்னால்தான். சண்டையும் அங்கேதான், சமாதானமும் அங்கேதான்.

ஆனால் போன வருஷத்திலிருந்து அத்தைக்கு வீசிங். அத்தை என்றால் என் மாமியார். டாக்டர் பரிசோதித்துவிட்டு இரண்டே வார்த்தை சொன்னார் — புகை கூடாது, குளிர் கூடாது.

புகையும் கூடாது, குளிரும் கூடாது என்றால் கோத்தகிரியில் மிச்சம் என்ன இருக்கிறது? தேயிலையும் கரடியும்தான்.

என் கொழுந்தன் செந்தில் கோயம்புத்தூரில் இருக்கிறார். "பேசாம அம்மாவ இங்க அனுப்பிருங்க அண்ணி. குளிர்காலம் முடிஞ்சதும் கொண்டாந்து விட்டுடறேன்" என்றார். நல்ல பிள்ளை, நியாயமான யோசனை. ஒரே ஒரு சிக்கல்... மாமா. அவருக்குக் கீழே உள்ள வெயில் ஒத்துக்கொள்ளாது. கோயம்புத்தூர் போனால் மறுநாளே உடம்பெல்லாம் தடித்துவிடும், அதற்கு மறுநாள் பஸ் ஏறிவிடுவார். அப்படியென்றால்? அத்தை கீழே, மாமா மேலே. கல்யாணமான நாளிலிருந்து ஒரு குளிர்காலம்கூடப் பிரிந்திராத இரண்டு பேர்.

"போகட்டும் போகட்டும். அவளுக்கு அதுதான் நல்லது" என்றார் மாமா. சொல்லிவிட்டு பேப்பரை விரித்தார். வெகு நேரம் அதே பக்கத்தில்தான் இருந்தார்.

அவர்களைப் பிரிக்க எனக்கு மனசே வரவில்லை. வீட்டை மாற்ற முடியுமா என்று பார்த்துவிடுவோமே என்று கிளம்பினேன்.

முதலில் கரண்டில் ஓடும் எண்ணெய் ஹீட்டர். அதைப் போட்டால் பல்பு மங்கியது, மிக்ஸியும் சேர்ந்தால் ஃபியூஸ் போனது. சூடு வேண்டுமா, சட்னி வேண்டுமா என்று தினமும் பஞ்சாயத்து. அடுத்து கேஸ் ஹீட்டர் வாங்கலாம் என்றார் கணவர். புனேயில் கட்டட வேலையில் இருக்கும் எங்கள் மகள் மது வீடியோ காலில் வந்து தடுத்தாள்.

"அதுவும் எரியறதுதாம்மா. விறகு, கரி, கேஸ்... வீட்டுக்குள்ள எதையுமே எரிக்காம சூடு பண்ணணும். மரமும் தப்பிக்கும், அப்பத்தாவும் தப்பிக்கும்."

அவள் சொன்னதுதான் ஹீட் பம்ப். கடைக்காரர்கள் பாஷையில் ஹாட் அண்ட் கோல்ட் ஏசி. ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி வேலை செய்யுமாம். வெளியே இருக்கும் காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சி உள்ளே விடுமாம். அதனால் சாதாரண ஹீட்டரைவிடக் கரண்டும் குறைவாகத்தான் இழுக்குமாம்.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "கோத்தகிரிக் காத்துல சூடா? அது எங்க இருக்குதுன்னு எனக்கும் சித்த காட்டச் சொல்லு அம்மிணி. இத்தன வருசமா நானும் தேடீட்டுத்தான் இருக்கறேன்."

மெஷினை வாங்குவதற்கு முன்னால் ஓட்டைகளை அடையுங்கள் என்பது மதுவின் கட்டளை. ஒயரிங்கைப் புதிதாக மாற்றினோம். பலகை சீலிங்குக்கு மேலே சூடு தங்குவதற்கு மெத்தை மாதிரி ஒன்றை விரித்தோம். ஜன்னல் இடுக்குகளில் ரப்பர் பட்டை. வாசற்கதவுக்கு மேலிருந்து கீழ்வரை ஜமக்காளம் போல ஒரு தடித்த திரை. கடைசியாகக் கணப்பு. அதன் வாயைப் பலகை வைத்து மூட வேண்டும். கடையிலிருந்து நல்ல பலகையாக மாமாவே தேர்ந்தெடுத்து எடுத்து வந்தார். ஆசாரி அதை அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு கடைக்குப் போய்விட்டார்.

பஜாரில் சும்மா விடுவார்களா? "ஏனுங்க, ஏசி வந்திருச்சாமா... ஃபிரிட்ஜுக்கு ஸ்வெட்டர் எடுக்கலீங்களா?" என்று மளிகைக் கடையில் ஆரம்பித்தார்கள். கறிவேப்பிலை வாங்கப் போனால் கூடவே நாலு கிண்டல் இலவசம்.

மெஷின் மாட்டிய அன்று மத்தியானம் சூடான காற்று குபுகுபுவென்று வந்தது. அத்தை ஸ்வெட்டரின் மேல் பட்டனைக் கழற்றினார். எங்கள் வீட்டில் அது பெரிய செய்தி. "பரவால்லியே, புகையே இல்லாம கும்முட்டி அடுப்புக்கு முன்னால உக்காந்தாப்புல இருக்குது" என்றார். எனக்கு ஒலிம்பிக் மெடல் வாங்கிய பெருமை.

அன்று சாயங்காலமே மெடல் பறிபோனது. இருட்டத் தொடங்கியதும் அறை சில்லிட்டது. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, காற்றும் சூடாகத்தான் வருகிறது. ஆனால் அறையில் சூடு நிற்கவில்லை. அத்தை பட்டனைப் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் சால்வை. அதற்கும் மேல் இருமல்.

டெக்னீஷியன் மறுநாள் காலை மலையேறி வந்தார். அவர் வந்ததும் அறை கதகதவென்று ஆகிவிட்டது. டாக்டரைப் பார்த்ததும் காணாமல் போகும் காய்ச்சலைப் போல! கேஸ் பார்த்தார், ஃபில்டர் பார்த்தார். "மெஷின் கல்லு மாதிரி இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சாயங்காலம் பழையபடி குளிர்.

மறுபடி வந்தார். மறுபடியும் கல். மறுபடியும் குளிர்.

"ஞாயித்துக்கெழம கார் எடுத்துட்டு வர்றேண்ணி" என்று செந்தில் போன் செய்துவிட்டார். எந்த முகத்தோடு வேண்டாம் என்பது? அத்தை பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தார். மாமா பேப்பரை விரித்தார்.

சனிக்கிழமை சாயங்காலம். சாமி விளக்கை ஏற்றிவிட்டு, வழக்கமாகப் போவதுபோல் சமையலறைக்குப் போகாமல், இரண்டு பேருக்கும் டீயை எடுத்துக்கொண்டு நேராக முன்னறைக்கு வந்தேன். மாமா வாசற்கதவுப் பக்கம் நின்றுகொண்டு, முட்டைக்கோசை எவ்வளவு அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள் என்று அத்தையிடம் பொரிந்துகொண்டிருந்தார். பேச்சு முட்டைக்கோசில் இருக்கிறது... வலது கை மட்டும் தனியாகக் கிளம்பித் திரைக்குப் பின்னால் போனது. ஒரு இழுப்பு. மேலே 'கடக்' என்று ஒரு சத்தம்.

கதவுக்கு மேலே ஒரு வென்டிலேட்டர் உண்டு. கயிற்றை இழுத்தால் கண்ணாடி சாய்ந்து திறக்கும். கணப்பு எரிந்த நாளெல்லாம் விளக்கு வைக்கிற நேரத்தில் மாமா அதைத் திறப்பார், காலையில் சாம்பல் அள்ளியதும் மூடுவார். புகை போவதற்குத்தான் என்று நானும் நினைத்திருந்தேன். கணப்பையே மூடிய பிறகு அதை யார் நினைத்தார்கள்? அதுவும் இப்போது திரைக்குப் பின்னால் இருக்கிறது. டெக்னீஷியன் வந்த காலைகளில் மாமாவின் கை அதைப் பழையபடி மூடியும் வைத்திருக்கும். சூடு மேலேதானே போகும்? நாங்கள் காசு கொடுத்து வரவழைத்த சூடெல்லாம் நேராக அந்த வழியே போய்த் தேயிலைத் தோட்டத்துக்குக் குளிர் போக்கிக்கொண்டிருந்திருக்கிறது!

"மாமா, என்ன பண்றீங்க?"

"என்ன பண்ணறேன்? கோசு வெல சொல்லீட்டிருக்கறேன்."

"கையில என்னங்க மாமா?"

திரும்பிப் பார்த்தார். கையில் கயிறு. யாரோ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன மாதிரி அதையே பார்த்தார்.

"நானா தெறந்தேன்?" முகம் சட்டென்று வாடிவிட்டது. "அப்ப... இத்தன நாளா இவளக் குளுருல போட்டது நாந்தானா?"

கயிற்றை விட்டுவிட்டு, விறுவிறுவென்று பின்பக்கம் போய்விட்டார். நான் சிரிக்கத் தயாராக இருந்தேன். அத்தையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமுங்களா அத்தை?"

"மொத நாளே தெரியும்."

"சொல்லியிருக்கலாமல்லங்க?"

அத்தை சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் பல்லடத்துக்காரி அம்மிணி. கண்ணாலம் ஆயி இங்க வந்தப்ப குளுருன்னா என்னன்னே தெரியாது. அப்ப வாடகைக்கு, லைன் ஊட்டுல ஒரு ரூமுதான். ஒரு நாளு இவரு கடைக்குப் போனதும் கரிச்சட்டிய உள்ள வெச்சுட்டு, ஒரு ஓட்டை விடாம அடைச்சுட்டுப் படுத்துட்டேன். புகையுமில்ல ஒண்ணுமில்ல, சொகமாத்தான் இருந்துச்சு. பொறவு எந்திரிக்கவே முடியல. இவரு எதையோ எடுக்கத் திரும்பி வந்தவரு, கதவ ஒடைச்சு என்னையத் தூக்கியாந்து வெளிய காத்துல போட்டாரு."

"எதை எடுக்க வந்தாருங்க?"

"மஃப்ளரு. அத மறந்துட்டுப் போகலீன்னா நீயி இந்த ஊட்டுக்கு வந்திருக்க மாட்ட."

 இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒரு நாள்கூட இதைச் சொன்னதில்லை.

"அன்னீல இருந்து வெளக்கு வெக்கற நேரமாச்சுன்னா அவரு கை தானாப் போயிரும். இந்த ஊட்ட வாங்கறப்பக்கூட மொதல்ல அந்த வென்டிலேட்டரத்தான் பாத்தாரு. எனக்கு மூச்சுவுடத்தான் தெறக்கறாரு கண்ணு. அதப் போயி மூடுங்கன்னு நான் எந்த வாயில சொல்லுவேன்? கோயமுத்தூரு போனாப் போயிட்டு வரலாம்னு இருந்துட்டேன்."

என் கண் நிறைந்துவிட்டது. ஒருத்தர் மூச்சு முட்டக்கூடாது என்று இன்னொருத்தர் திறக்கிறார். அவர் மனசு நோகக்கூடாது என்று இவர் குளிரில் உட்கார்ந்து இருமுகிறார். நடுவில் பாவம், அந்த டெக்னீஷியன் மலையேறி இறங்கிக்கொண்டிருக்கிறார்!

"வெளிய சும்மா நிப்பாரு. அந்த மஃப்ளரக் கொண்டு போயிக் குடு" என்றார் அத்தை.

மாமா விறகு அடுக்கியிருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார். மஃப்ளரைக் கொடுத்தேன். வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கேட்டார்:

"நெசமாலுமே அதுல புகை இல்லையா அம்மிணி? கண்ணுக்குத் தெரியாத புகைகூட?"

எவ்வளவு பெரிய கேள்வி! மெஷின் வாங்கும்போது ஸ்டார் எத்தனை, வாரண்டி எவ்வளவு என்றெல்லாம் கேட்டோம். இதைக் கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

"இல்லவே இல்லீங்க மாமா. உள்ள எதுவுமே எரியறதில்லை. பகல்ல வெயில் இருக்கறப்பக் கொஞ்ச நேரம் தெறந்து வெச்சாப் போதும். ராத்திரி மூடி வெச்சாத்தான் அத்தைக்கு மூச்சு நல்லா இருக்கும்."

யோசித்தார். உள்ளே வந்தார். நேராகக் கதவுப் பக்கம் போய், திரையை விலக்கி, கயிற்றை எதிர்ப்பக்கம் இழுத்தார். அத்தையைப் பார்த்துக்கொண்டே நின்றார், அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பதுபோல. அத்தை நன்றாகவே விட்டார். கொஞ்ச நேரத்தில் மேல் பட்டனையும் கழற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை செந்தில் வந்தார். முன்னறையில் உட்கார்ந்தார். ஸ்வெட்டரைக் கழற்றினார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கட்டி வைத்திருந்த பெட்டியின் மேலேயே காலை நீட்டிக்கொண்டு நன்றாகத் தூங்கினார். சாயங்காலம் காரட்டும் பட்டாணியும் ஏற்றிக்கொண்டு தனியாகத்தான் இறங்கிப் போனார்.

பழைய வீட்டைப் புதுசாக்குவது பெரிய விஷயமில்லை. ஒயரை மாற்றலாம், ஓட்டையை அடைக்கலாம். ஆனால் வீட்டில் இருக்கும் மனிதர்கள் ஒருத்தருக்காக ஒருத்தர் பழகி வைத்திருக்கிறார்களே, அதை எந்த ஆசாரி வந்து மாற்றுவார்? அவர்களிடமே சொல்லி, அவர்கள் கையாலேயேதான் மாற்ற வேண்டும்.

இப்போதெல்லாம் விளக்கு வைத்ததும் மாமா எழுந்து போய்க் கயிற்றை இழுத்து மூடிவிட்டு, "நடை சாத்தியாச்சு" என்று அறிவிக்கிறார்.

"சாத்துனது போதும், கைய எடுங்க. நின்னா மறுக்காத் தெறந்துருவீங்க" என்கிறார் அத்தை.

எந்தக் கம்பெனி மெஷின் நல்லது என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம். எதை வாங்கினாலும் சரி, விளக்கு வைக்கிற நேரத்தில் உங்கள் மாமனாரின் வலது கையை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.