சுலைமான் பாய் இல்லாத ஹைப்ரிட் வண்டி

அன்று காலை ஒரு சந்தேகம் கேட்கத்தான் சுலைமான் பாய்க்கு போன் செய்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்தால் திரையில் ஒரு மஞ்சள் விளக்கு வந்து வந்து போனது. எடுத்தது அவருடைய மனைவி. நலம்கூட விசாரிக்காமல், "பாய் இருக்காருங்களா? வண்டியில லைட் எரியுது" என்றேன். "அவரு விடியக்காலையில மௌத் ஆயிட்டாருங்க. நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, இனிமேல் யாரைக் கூப்பிடுவேன் என்ற பயம். அந்த வெட்கத்திலேயே இதை எழுத மூன்று வாரம் தள்ளிப்போட்டேன்.

அதியமான்கோட்டை ஹைவே ஓரம் கார் எலக்ட்ரீஷியனாக இருந்த பாயை, அவரிடம் வண்டி விட்டுப் பழகிய உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. என்னைத்தான் சொல்ல வேண்டும். என் மகள் யாழினிக்கு நான்கு வயது. வீசிங் வந்தால் உதடு நீலமாகிவிடும். அவளைப் பார்க்கும் டாக்டர் சேலத்தில். கணவருக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். பிள்ளை படுத்துக்கொண்டு வரட்டும், மாமியார் பக்கத்தில் உட்காரட்டும் என்று பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற, ஏழு பேர் போகிற ஹைப்ரிட் வண்டியைப் பழையதாக வாங்கினோம். ஓட்டுவது நான். நடுவில் தொப்பூர் கணவாய். அந்த இறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து மோதுகிற செய்தியைப் படிக்காதவர் நம் மாவட்டத்தில் யார் இருக்கிறார்கள்?

வாங்கிய ஆறாம் மாதமே வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சர்வீஸ் சென்டர் ஒன்றில் ஹைப்ரிட் பேட்டரியையே மாற்றச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன தொகைக்குப் பழைய கார் ஒன்றையே வாங்கிவிடலாம். பாய் ஒரு மணி நேரம் மீட்டரை வைத்து வைத்துப் பார்த்தார். "பெரிய பேட்டரி நல்லா இருக்குதுங்க. ஸ்டார்ட் பண்ற சின்னதுதான் செத்துப் போச்சு. நாள்கணக்குல எடுக்காம நிறுத்துனா அது செத்துரும்" என்றார். நான் பெருமூச்சு விட்டதும், "ரொம்ப சந்தோஷப்படாதீங்க தங்கச்சி" என்று சிரித்தார். "பெருசும் ஒரு நாள் போவும். பெட்ரோல்ல மிச்சமாவுறத சீட்டு கட்டுற மாதிரி தனியா போட்டு வையுங்க. இந்த வண்டி செலவில்லாம ஓடல, செலவத் தள்ளிப் போட்டுட்டு ஓடுது."

பெரிய பேட்டரி இருக்கிற பின்பக்கத்தைத் திறக்கும்போது அவர் வேலை செய்கிற முறையே வேறு. முதலில் மின்சாரத்தைத் துண்டிக்கிற பிளக்கை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ரப்பர் கையுறைக்குள் காற்றடைத்து, ஓட்டை இருக்கிறதா என்று கன்னத்தருகே வைத்துப் பார்ப்பார். பிறகும் மிச்ச மின்சாரம் வடியட்டும் என்று பத்து நிமிடம் சும்மா நிற்பார். ஒருமுறை என் கணவர், "என்ன பாய், இவ்ளோ பயமா?" என்று கிண்டல் செய்தார். "பயம்தான் சார். எனக்கு மூணு பொண்ணுங்க. பயமில்லாதவன்கிட்ட இந்த வண்டிய விட்டுறாதீங்க" என்றார். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறாள் என்று பேர் வாங்கிய எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது.

போன மாம்பழ சீசனில் யாழினியைச் செக்கப்புக்குக் கூட்டிப்போனோம். சேலத்து நாத்தனாருக்கென்று மாமியார் மாம்பழக் கூடைகளை வைக்கோல் போட்டு நிரப்பிப் பின்சீட்டை ஒட்டி அடுக்கியிருந்தார். பேட்டரிக்குக் காற்று போகிற வழி அங்கேதான் என்று யாருக்கும் தெரியாது. தொப்பூர் இறக்கத்தில், ஹைப்ரிட் சூடாகிவிட்டது, நிறுத்து என்று திரையில் வந்தது. ஓரம்கட்டி போன் செய்தேன்.

"பாய், பேட்டரி சூடுன்னு வருது, எந்தப் பக்கம் திறக்கணும்?"

"பாப்பா எங்க?"

"உள்ள தூங்குறா."

"வண்டிய விடுங்க. பாப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கிட்டுத் தடுப்புக்கு அந்தாண்ட போய் நில்லுங்க."

"வண்டி நடு இறக்கத்துல..."

"வண்டி போனா போவுது! எறங்குங்க மொதல்ல!"

அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான். தடுப்புக்கு வெளியே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு லாரி தாண்டும்போதும் வண்டி ஆடியது.

பாய் பைக்கில் வந்து சேர்ந்தார். வண்டியைக் கயிறு கட்டி இழுக்க வைத்து, அடிவாரத்தில் நிறுத்தி, பேட்டரி ஃபேனிலிருந்து ஒரு கைப்பிடி வைக்கோலை உருவினார். "ஏம்மா, மாட்டு வண்டின்னு நெனச்சுட்டீங்களா? இது வைக்கோல் தின்னாதும்மா."

மாமியார் விடவில்லை. "பெட்ரோலும் அதிகம் தின்னாதுன்னீங்க. அப்புறம் என்னதான் தின்னும்?"

"உங்க மருமவ உசுர."

எல்லோரும் சிரித்தோம். சிரித்த பிறகும் அவர் ஃபேனுக்குள் மறுபடி மறுபடி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் விளக்கு இன்னும் அணையவில்லை. சேலத்தில் ஒருவரிடம் காட்டச் சொல்கிறார்கள். அதற்கும் தொப்பூர் இறங்கித்தான் ஆக வேண்டும். நாளைக்கு யாழினிக்குச் செக்கப். விற்றுவிடலாமா என்று கணவர் கேட்கிறார். ராத்திரியில் பிள்ளைக்கு வீசிங் வந்தால் அவசரத்துக்கு வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பாயிடமிருந்து என்னிடம் தங்கியது தைரியம் இல்லை. என் பயங்களில் எது முதலில், எது பிறகு என்று அவர் போட்டுக்கொடுத்த வரிசை. நாளைக்கு மாமியாரும் கணவரும் யாழினியை மொரப்பூரிலிருந்து, தொப்பூர் பக்கமே போகாத ரயிலில் கூட்டிப்போகிறார்கள். அவர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் நான் தனியாகச் சேலத்துக்கு வண்டியை எடுப்பேன்.