ஜூலிக்கு மொட்டை அடித்த கோடை

சூடான இஸ்திரிப் பெட்டி பள்ளிச் சீருடைமேல் பட்டதும் எழும் முடி பொசுங்கும் நாற்றத்தோடுதான் எங்கள் திருப்போரூர் வீட்டில் கோடை தொடங்கும். எங்கள் வெள்ளைப் பொமரேனியன் ஜூலி அந்த மாதங்களில் கொத்துக் கொத்தாக முடி உதிர்ப்பாள்; பாவாடையில், தலையணையில், சாம்பார்க் கிண்ணத்தில் எங்கும் அதுதான், "பஞ்சு மூட்ட அவுந்துடுச்சு" என்பாள் அம்மா. பள்ளியில் என்னை "நாய்முடி" என்று கூப்பிட்டார்கள். வீட்டில் வந்து அழுது ஆர்ப்பாட்டம் செய்தேனே தவிர, ஒரு சீப்பை எடுத்துத் தினமும் வாரிவிட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வருடம் முருகன் கோவிலில் தம்பிக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசி அழைத்து வந்த அன்றே, அப்பா ஜூலியையும் கொல்லையில் உட்கார வைத்தார். "மொட்ட போட்டா நமக்கு சூடு எறங்குது இல்ல, அதுக்கும் எறங்கும். முடியும் கொட்டாது," என்றார். கத்தரியால் வெட்டி, தோல் தெரியச் சவரக் கத்தியால் மழித்து, மிச்சமிருந்த சந்தனத்தையும் பூசினார். நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பத்தே நாளில் அவள் முதுகு வெயிலில் வெந்து, கொப்புளம் உடைந்து புண்ணானது. கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். "முடிய வெட்டினீங்களா?" என்று கேட்டார் மருத்துவர். படித்தவர் முன்னால் முட்டாளாகத் தெரியக்கூடாதே என்று அப்பா, "இல்ல சார், தானா கொட்டிச்சு," என்றார். அப்படியானால் சொறியாக இருக்கலாம், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள் என்று மருந்து எழுதிக் கொடுத்தார். அதோடு முடிந்தது. "சொறிநாய வூட்ல வச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை, தெருவும் அதையே சொன்னது. அடுத்த ஞாயிறு அப்பா அவளை அச்சரப்பாக்கத்தில் தெரிந்தவர் தோப்பில் விட்டுவிட்டு வந்தார். பார்க்கப் போகலாம் என்று மறு வாரம் நச்சரித்தபோது, "கயித்த அறுத்துகினு எங்கியோ போயிடுச்சாம்," என்றார்.

அந்த வீடு இன்று இல்லை, இடித்து மனைகளாக விற்றுவிட்டார்கள். மறைமலைநகரில் அப்பாவும் என்னோடு இருக்கிறார். போன மாதம் ஒரு பொமரேனியன் குட்டியும் வந்தது. "ஒட்ட மட்டும் வெட்டிடாதீங்க, வெயிலுக்கும் முடிதான் அதுக்கு மறைப்பு. தெனம் சீவி வுடுங்க, போதும்," என்று இங்குள்ள மருத்துவர் முதல் நாளே சொன்னார். இவ்வளவுதானா? இந்தப் பத்து நிமிட வேலைக்குச் சோம்பியா ஓர் உயிரைத் துரத்தினோம்? வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கத்தித் தீர்த்தேன்.

கத்தி முடித்த பிறகும் கோபம் அடங்கவில்லை. அன்று கால்நடை ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்டபோது ஜூலியை மடியில் வைத்திருந்தவள் நான். எனக்குப் பன்னிரண்டு வயது. நன்றாகப் பேசத் தெரியும்.